ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன பகுதிகள் வேண்டும், எதில் எதை எழுதுவது?

பவானிப் பக்கம் எம்.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். ஜமக்காள நெசவைப் பற்றி ப்ராஜெக்ட் எடுத்திருக்கிறாராம். ஆய்வுக் கட்டுரைக்கு என்னென்ன பகுதிகள் வேண்டும், எதில் எதை எழுதுவது, சீனியர் அக்காவின் ப்ராஜெக்டை மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா, கைடு 80 பக்கம் வேண்டும் என்கிறாரே அதற்கு என்ன செய்வது என்பது கேள்வி.

சீனியரின் ப்ராஜெக்ட் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். ஈரோடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் முப்பது வருஷம் பொருளியல் நடத்தியவன் நான். அந்த மாதிரி நூற்றுக்கணக்கானவற்றில் கையெழுத்தும் போட்டவன். முதல் அத்தியாயம் இந்தியக் கைத்தறியின் பெருமையில் தொடங்கி சிந்துவெளி வரை போய்வரும். இரண்டாவதில் பதினைந்து ஆய்வாளர்கள் பதினைந்து பத்திகளில் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்பார்கள். மூன்றாவது பவானியின் வரலாறு, கூடுதுறையும் சங்கமேஸ்வரர் கோயிலும் உட்பட. நான்காவதில் 120 பேரிடம் கேட்ட கேள்விகளுக்கு முப்பது அட்டவணை, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பை சார்ட், அதற்கும் கீழே அதே எண்கள் வாக்கியமாக. ஐந்தாவதில் ‘அரசு ஆவன செய்ய வேண்டும்’. பகுதிகள் என்று பார்த்தால் ஒன்றும் குறைவில்லை. முதல் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் படித்தாலும் நான்காவதுக்கு ஒரு நஷ்டமும் வராது என்பதுதான் அதன் கோளாறு.

ஆய்வுக் கட்டுரைக்குள் மூன்று விதமான வாக்கியங்கள்தான் வரும். நான் பார்த்தது, அடுத்தவர் சொன்னது, நான் நினைப்பது. பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருப்பதே இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்கத்தான். படிக்கிறவர் உங்கள் கருத்தை ஏற்காவிட்டாலும், நீங்கள் பார்த்ததை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு போக முடிய வேண்டும்.

அறிவியல் இதழ்களில் போன நூற்றாண்டில் நிலைபெற்ற வடிவம் நாலு பகுதி: அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம். முன்னால் சுருக்கம், பின்னால் மேற்கோள் பட்டியல். நம் ஊர்க் கல்லூரிகளின் ஐந்து அத்தியாயமும் இதையே இழுத்து நீட்டியதுதான். தமிழில் எழுதும்போது மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ‘முடிவு’ என்ற சொல் நம்மிடம் மூன்று வேலை பார்க்கிறது: தேர்வு முடிவு, எடுத்த முடிவு, கதையின் முடிவு. அதனால் ‘ஆய்வு முடிவுகள்’ என்று தலைப்புப் போட்ட உடனே மாணவர்கள் தீர்ப்புச் சொல்லக் கிளம்பிவிடுகிறார்கள். நான் என் பிள்ளைகளுக்கு ‘கண்டவை’ என்றே போடச் சொல்வேன். கண்டதை மட்டும் எழுதக் கை தானாகப் பழகும்.

சரி, தலைப்பிலிருந்து வருவோம். ‘பவானி ஜமக்காளம்: ஓர் ஆய்வு’ என்றுதான் வைத்திருப்பீர்கள். ‘ஓர் ஆய்வு’ என்ற இரண்டு சொல்லும் வெட்டி. எதைப் பற்றிய ஆய்வு, எந்த ஊரில், யாரிடம், எந்தக் காலத்தில் என்பது தலைப்பிலேயே தெரிய வேண்டும். ‘பவானி நகரில் 2010க்குப் பின் ஜமக்காள நெசவை விட்ட குடும்பங்கள்: சொல்லும் காரணமும் விட்ட சூழலும்’ என்று வைத்துப் பாருங்கள். நீளம்தான், ஆனால் இதற்குள் ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. ஏன் விட்டார்கள்? அந்தக் கேள்வி கிடைத்துவிட்டால் சிந்துவெளிக்குப் போக வேண்டியதில்லை.

அறிமுகத்தில் மூன்று விஷயம் போதும். இதைப் பற்றி ஊருக்கு ஏற்கெனவே தெரிந்தது என்ன, தெரியாதது எது, அதில் நான் எந்தத் துண்டைப் பார்க்கப் போகிறேன். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06லேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிய 11 வகைகளில் ஜமக்காளமும் ஒன்று. இந்த இரண்டையும் நிறையப் பேர் பெருமையாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பெயருக்கும் பாதுகாப்பு, நெசவுக்கும் பாதுகாப்பு, அப்புறம் எதற்குத் தறியைப் பிரிக்கிறார்கள்? அறிமுகத்தில் தகவல் வருவது இந்த மாதிரி ஒரு கேள்வியைக் கிளப்பத்தான். கிளப்பாத தகவலை எடுத்துவிடலாம்.

முறை. இதற்குத்தான் பிள்ளைகள் ஒரே ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். ‘கன்வீனியன்ஸ் சாம்ப்ளிங் முறையில் 120 பேரிடம் தரவுகள் சேகரிக்கப்பட்டன, சிம்பிள் பர்சன்டேஜ், கை ஸ்கொயர் பயன்படுத்தப்பட்டன’ என்று முடித்துவிடுவார்கள். கைக்கு எட்டியவர்களைக் கேட்பதற்குத்தான் கன்வீனியன்ஸ் சாம்ப்ளிங் என்று பெயர். என்னைக் கேட்டால் மாணவர் கட்டுரையில் உயிர் இருப்பதே இங்கேதான். ஒரு சம்பவம் சொன்னால் புரியும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாணவியோடு பவானியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தரைக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் குழித்தறி வைத்திருந்த வீடு. கேள்வித்தாளில் ஐந்தாவது கேள்வி: ‘கூலி போதாததால் நெசவை விட்டீர்களா?’ அந்தப் பெண் அதையே பேச்சாக்கி, “கூலி கட்டுபடியாகலைங்களாங்க?” என்றாள். பெரியவர், “எங்க கண்ணு கட்டுபடியாகுது” என்றார். அவள் டிக் அடித்தாள். இருபது கேள்வியும் பத்து நிமிஷத்தில் முடிந்தது. கிளம்பும்போது அந்த வீட்டம்மா மோர் கொண்டுவந்தார். மோரைக் குடித்துக்கொண்டே நான் சும்மா, “எந்த மாசம்ங்க தறியப் பிரிச்சீங்க?” என்று கேட்டேன். பெரியவர் கொஞ்சம் யோசித்தார். “கூலி என்னைக்குக் கண்ணு கட்டுபடியாச்சு? எங்கப்பன் காலத்துலயும் இதே கதைதான். முட்டி போயிருச்சு. குழிக்குள்ள எறங்குனா ஏற முடியறதில்ல. ஆடி மாசத்தோட போதும்னுட்டோம்.”

கேள்வித்தாளில் முட்டிக்குக் கட்டமே இல்லை.

இதில் அந்தப் பெண்ணின் தப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. நம் பக்கத்து ஆட்கள் வீட்டுக்கு வந்த பிள்ளையின் மனம் கோணும்படி ‘இல்லை’ என்று சொல்லமாட்டார்கள். காரணத்தைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் ‘ஆமாங்க’ என்றுதான் வரும். ஆகவே முறைப் பகுதியில், என்ன கேட்டேன் என்பதோடு எந்தச் சொல்லால் கேட்டேன் என்பதையும் எழுதுங்கள். யாருடைய வீட்டுத் திண்ணையில், எந்த நேரத்தில், கூட யார் இருந்தார்கள் என்பதும் வரலாம். முதலாளி பக்கத்தில் நிற்கும்போது கூலியைப் பற்றிக் கேட்டால் வரும் பதில் வேறு.

அப்புறம் ‘நெசவாளர்’ என்று யாரைச் சொல்கிறீர்கள்? வீட்டுக்காரர் குழித்தறியில் உட்காருகிறார். தார் சுற்றுவது, அதாவது நெய்வதற்கு நூலைச் சுற்றிக் கொடுப்பது, வீட்டம்மா. “நெசவாளர் யாருங்க?” என்று கேட்டால் அந்த அம்மாவே வீட்டுக்காரரைத்தான் கைகாட்டுவார். தார் சுற்றுவதைக் கணக்கில் எடுத்தீர்களா இல்லையா என்று முறைப் பகுதியில் ஒரு வரி வர வேண்டும். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் சரி, எடுத்ததைச் சொல்லிவிட வேண்டும்.

வீடுகளை எப்படிப் பிடித்தீர்கள் என்பதும் முக்கியம். ஒருவர் கைகாட்டி அடுத்தவர், அவர் கைகாட்டி இன்னொருவர் என்று போனால் தப்பில்லை, விட்டவர்களுக்குப் பட்டியல் ஏது? ஆனால் அப்படிப் போனால் ஒரே வீதி, ஒரே சொந்தபந்தத்துக்குள் சுற்றுவீர்கள். நெசவை விட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டவர் உங்கள் கையில் சிக்கவே மாட்டார். பவானியில் இருப்பவர்களை மட்டும் கேட்டுவிட்டு ‘நெசவை விட்டவர்கள் எல்லாம் உள்ளூரிலேயே வேலை தேடிக்கொண்டார்கள்’ என்று எழுதிவிடும் ஆபத்து அங்கேதான். எத்தனை கதவு தட்டினீர்கள், எத்தனை திறக்கவில்லை என்ற கணக்கையும் போடுங்கள். தட்டியது 52, பேசியது 40 என்றால் அந்தப் பன்னிரண்டும் ஆய்வின் பகுதிதான்.

பேசியவர்களின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘கோயிலுக்கு எதிர் வீதியில் மூன்றாவது வீடு, இரண்டு பெண்கள், மூத்தவள் நர்ஸ்’ என்று எழுதினால் பவானியில் யார் என்று தெரியாதவர் உண்டா?

‘தரவுகள் சேகரிக்கப்பட்டன’ என்ற நடை எனக்கு ஆகாது. யார் சேகரித்தது? நீங்களா, கூகுள் ஃபார்ம் லிங்கை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டீர்களா, தம்பியை அனுப்பினீர்களா? ‘நான் கேட்டேன்’ என்று எழுதுங்கள். கைடு ஒத்துக்கொள்ளாவிட்டால் ‘ஆய்வாளர் நேரில் கேட்டார்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆள் மட்டும் காணாமல் போகக் கூடாது.

கண்டவை பகுதிக்கு வருவோம். வயது வாரியாக, சாதி வாரியாக, கல்வி வாரியாக என்று தனித்தனி அட்டவணை வேண்டாம். ஆட்களைப் பற்றிய விவரம் எல்லாம் ஒரே அட்டவணையில் அடங்கும். 40 குடும்பத்தில் 15 என்றால் ‘40இல் 15’ என்று எழுதுங்கள். 37.5 சதவீதம் என்று எழுதினால் ஏதோ ஆயிரம் பேரை அளந்தது போல ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. இரண்டு விஷயத்துக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை ஸ்கொயர் சோதனை பற்றியும் ஒரு வார்த்தை. 40 குடும்பத்தை ஐந்து வயதுப் பிரிவு, நாலு காரணம் என்று பிரித்தால் 20 கட்டம். கட்டத்துக்குச் சராசரி இரண்டு குடும்பம். தொடர்பே இல்லாவிட்டால் எத்தனை வரும் என்று எதிர்பார்க்கும் எண்ணிக்கை பெரும்பாலான கட்டங்களில் 5க்குக் குறையாமல் இருந்தால்தான் அந்தச் சோதனையை நம்பலாம். கம்ப்யூட்டர் எதைக் கொடுத்தாலும் ஒரு விடை துப்பும், அது வேறு விஷயம்.

ஒரு வைவாவில் நடந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அட்டவணை ஒன்றில் விரலை வைத்து, “இந்த சதவீதமெல்லாம் கூட்டினா 127 வருதேம்மா, எப்படி?” என்றார். ஒருவர் இரண்டு காரணம் சொல்லலாம் என்று மாணவி விட்டிருந்தாள், அதனால் நூறைத் தாண்டியது. நியாயமான விஷயம்தான். அட்டவணைக்கு அடியில் அந்த ஒரு வரி இல்லாததால் பிள்ளை பதில் வராமல் நின்றுவிட்டாள். கையெழுத்துப் போட்ட நானும் கூட்டிப் பார்த்திருக்கவில்லை.

அட்டவணையில் உள்ளதையே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லாதீர்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரியில் கைகாட்டிவிட்டு நகருங்கள். பெரியவரின் முட்டியைப் பற்றிய பேச்சு இந்தப் பகுதியில்தான் வரும், அவர் சொன்ன சொல்லிலேயே.

விவாதத்தில்தான் நீங்கள் வாய் திறக்கலாம். கண்டதற்கு என்ன பொருள், ஏற்கெனவே சொன்னவர்களோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முட்டுகிறது? பக்கத்து அறிவியல் துறையிலிருந்து ஒரு உதாரணம். நொய்யல் ஆற்றோரத்துக் கிணறு ஒன்றில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,600 மில்லிகிராம் என்று ஒரு மாணவர் அளந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்த எண் கண்டவை பகுதிக்குச் சொந்தம். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் 500 என்கிறது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது. அதையும் தாண்டிவிட்டது என்பது விவாதம். ‘சாயப்பட்டறைதான் காரணம்’ என்பதும் விவாதமே, ஆனால் அங்கே நாக்கைக் கொஞ்சம் கட்ட வேண்டும். சாயப்பட்டறை இல்லாத மேட்டுப் பக்கத்துக் கிணற்றையும் அளந்திருந்தால்தான் அதைத் தைரியமாகச் சொல்ல முடியும்.

உங்கள் ஜமக்காளத்துக்கும் அதேதான். முட்டி வலியால் விட்டார்கள் என்று எழுதும் முன், முட்டி வலியோடு இன்னமும் தறியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லையென்றால் அதை வரையறைகளில், அதாவது ஆய்வு எதை எட்டவில்லை என்று சொல்லும் இடத்தில், ஒத்துக்கொள்ளுங்கள். ‘நேரமின்மையும் பணமின்மையும் ஆய்வின் வரையறைகள்’ என்று எல்லோரும் எழுதும் வரி யாருக்கும் எதையும் சொல்வதில்லை. பரிந்துரைகளும் கண்டவற்றிலிருந்து முளைக்க வேண்டும். உடல்நலம் காரணம் என்று கண்டுவிட்டு, மானியம் உயர்த்தக் கேட்டால் நடுவில் ஏதோ அறுந்திருக்கிறது.

முன்னாய்வுகளை ஆள் வாரியாக அடுக்காமல், சொல்லும் கருத்து வாரியாகச் சேருங்கள். கூலிதான் காரணம் என்பவர்கள் ஒரு பக்கம், விசைத்தறிப் போட்டி என்பவர்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவதைச் சொல்பவர்கள் இன்னொரு பக்கம். எந்தப் பக்கமும் உடம்பைப் பற்றிப் பேசவில்லை என்று தெரிந்தால் அதுவே உங்கள் இடம். தேட வேண்டிய இடம் ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியம். பாரதியார் பல்கலைக்கழகம், பெரியார் பல்கலைக்கழகம் இரண்டின் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் அதில் கிடைக்கும், காசில்லாமல். எண்ணிக்கைக்கு 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு இருக்கிறது. சாட்ஜிபிடி கொடுக்கும் நூல் பெயரை மட்டும் கையில் நூலைப் பிடித்துப் பார்க்காமல் சேர்த்துவிடாதீர்கள். இல்லாத புத்தகத்துக்கும் பக்க எண் கொடுக்கும் அது.

தமிழ்த் துறைப் பிள்ளைகளுக்கு இந்த நாலு பகுதி அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு முன்னுரை, இயல்கள், முடிவுரை. ஆனால் கலக்கக் கூடாது என்ற விதி அங்கேயும் உண்டு: சங்க கால ஊரான கொடுமணலைப் பற்றி எழுதுகிறவருக்குப் பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்களும் அகழாய்வில் கிடைத்த எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் முதன்மை ஆதாரம், அவற்றைப் பற்றி நேற்று ஒருவர் எழுதிய கட்டுரை துணைமை ஆதாரம். பின்னதை மட்டும் படித்துவிட்டு முன்னதைப் படித்த மாதிரி எழுதினால் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள், 150 முதல் 250 சொல்லுக்குள். மாதிரிக்கு ஒன்று, எண்களும் கண்டுபிடிப்பும் நான் இட்டுக்கட்டியவை, எடுத்துப் போட்டுவிடாதீர்கள்:

‘பவானி நகரில் 2010க்குப் பின் ஜமக்காள நெசவை விட்ட 40 குடும்பங்கள் அதற்குச் சொல்லும் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இரண்டு மாதங்கள் வீடுவீடாகச் சென்று நேர்காணல் செய்தேன். காரணம் கேட்டபோது 31 குடும்பங்கள் கூலியைச் சொன்னன. தறியை நிறுத்திய மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டபோது 22 குடும்பங்கள் நெசவாளரின் உடல்நலக் குறைவைச் சொன்னன. கூலியை மட்டும் பார்க்கும் விளக்கம் இதற்குப் போதாது. பவானியை விட்டு வெளியேறிய குடும்பங்கள் இதில் சேரவில்லை.’

அறுபது சொல்கூட இல்லை, ஆனாலும் எல்லாப் பகுதியும் இதற்குள் இருக்கிறது. இதை விரித்தால் அதுதான் கட்டுரை. சுருக்கத்தில் ‘இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது’ என்று எழுதுவது பந்திக்குக் கூப்பிட்டுவிட்டு இலையை மட்டும் போடுவது மாதிரி.

மேற்கோள் பட்டியலுக்கு உங்கள் துறை எந்த முறையைச் சொல்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறை. நம் பெயர்களில்தான் தகராறு. குடும்பப் பெயரை முன்னால் போடு என்று விதி சொல்லும், நமக்கு இருப்பது அப்பாவின் முதலெழுத்து. ஆளின் சொந்தப் பெயரை முன்னால் போட்டு, காற்புள்ளி வைத்து, முதலெழுத்தைப் பின்னால் போடுங்கள். ஆங்கிலப் பட்டியல்களில் அப்பாவின் பெயர் நூலாசிரியர் ஆகிவிடும் கூத்தெல்லாம் நடக்கும், கவனம். காப்பி விஷயத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி 10 சதவீதம் வரை ஒற்றுமையைப் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் 40 வரை போனால் திருத்தித் தர வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் குறிக்குள் பெயர் சொல்லி எடுத்தது இந்தக் கணக்கில் வராது.

முகப்பு, கைடு சான்றிதழ், உங்கள் உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம் ஆகியவற்றுக்குத் துறையில் ஒரு படிவம் இருக்கும், அப்படியே போட்டுவிடுங்கள். நன்றியுரையில் பேசிய நெசவாளர்களை மறந்துவிட்டு ஜெராக்ஸ் கடைக்காரருக்கு நன்றி சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எழுதும் வரிசை வேறு. முறையை முதலில் எழுதுங்கள், களத்துக்குப் போய்வந்த வாரத்திலேயே, இல்லாவிட்டால் மறந்துபோகும். அப்புறம் கண்டவை, விவாதம், அதன் பிறகு அறிமுகம்.

80 பக்கம்தானே கண்ணு? இப்படி எழுதினால் உள்ளே நாற்பது, நாற்பத்தைந்துதான் வரும். மீதியைப் பின்னிணைப்பில் வையுங்கள். கேள்வித்தாளைத் தமிழில், வீட்டில் பேசிய சொல்லிலேயே போடுங்கள். முதலில் கேட்ட வடிவம், பிறகு திருத்திய வடிவம் என்று இரண்டையும். ஐந்தாறு நேர்காணலை ஒரு சொல் விடாமல் எழுதிச் சேருங்கள். ஒவ்வொன்றும் ஐந்தாறு பக்கம் பிடிக்கும். சிந்துவெளியைத் தூக்கின இடம் அதில் நிரம்பிவிடும், கைடும் ஒன்றும் சொல்லமாட்டார். போகும்போது ஒலிப்பதிவுக்கு வீட்டுக்காரர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், மோர் வந்த பிறகும் ரெக்கார்டரை நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.